பள்ளிக்கூட வாசல் பீப்பாய்களில் உயிரோடு இருக்கும் குல்சாய்ராவின் உறை

அனுப்புநர்
அனார்கான் தெமிர்பெகோவா,
சூரியகாந்தி விதை வியாபாரி,
வாய்க்கால் தெருப் பள்ளிக்கூட வாசல் (சில நாளாகப் புதுக்குடியிருப்புப் பள்ளி வாசல்; வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டேன்),
சாரி-கெச்சூ.

பெறுநர்
உணவு சுகாதாரக் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம், சாரி-கெச்சூ.

பொருள்: பள்ளிக்கூட வாசல்களில் விற்கும் மாக்சிம் கூழின் உறையைச் சோதித்து, கெட்டிருந்தால் அரசே எடுத்து அழிக்கவும், வாசல்களில் நல்ல தண்ணீர் கிடைக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருந்த நாளைவிட வெளியே இருந்த நாளே அதிகம். சின்ன வயதில் அம்மா கூட்டுப்பண்ணைக்குப் பால் கறக்கப் போனார். தம்பிமாரை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். இப்போது விதை விற்க வெளியே நிற்கிறேன். ஆகவே இம்மனுவில் சட்டப் பிரிவு எதையும் தேட வேண்டாம். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

2. வாய்க்கால் தெருப் பள்ளி வாசலில் என் கூடைக்குப் பக்கத்தில்தான் மாக்சிம் விற்ற குல்சாய்ராவின் நீலப் பீப்பாய் இருந்தது. பல வருடம் ஒரே குடை நிழலில் உட்கார்ந்தோம். என் விதையைத் தின்ற பிள்ளைக்கு உப்புக் கரிக்கும், உடனே அவளிடம் போய்க் கூழ் குடிக்கும். "அக்கா, உப்பக் கொஞ்சம் தூக்கலாப் போடு, என் பொழப்பும் ஓடட்டும்" என்பாள். "போடுறேன்டி, உன் புருஷன அனுப்பி மூட்டை தூக்கச் சொல்லு" என்பேன். இப்படிப் போனது காலம். அவள் கெட்டவள் அல்ல என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். இம்மனு அவள் மேல் அல்ல.

3. மாக்சிம் எப்படிச் செய்வது என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தங்கள் வீட்டிலும் செய்வார்கள். ஆனாலும் தப்பு எங்கே நுழைந்தது என்று காட்டுவதற்காகச் சொல்கிறேன். வறுத்த மாவைக் கொதிக்க வைத்து, ஆறியதும் பழைய கூழிலிருந்து கொஞ்சம் எடுத்து உறை விடுகிறோம். அந்த உறைதான் உயிர். அதற்காகப் பீப்பாயை அடியோடு காலி செய்வதே இல்லை. அடியில் கொஞ்சம் நிற்கும்; அதன் மேலேயே புதுக் கூழை ஊற்றுவோம். சோப்புப் போட்டுக் கழுவினால் உறை கோபித்துக்கொள்ளும், வீட்டு விருத்தி போய்விடும் என்பது எங்கள் பெண்களின் கணக்கு.

மரக்குடம் இருந்த காலத்தில் இதில் குற்றமில்லை. மலையிலிருந்து ஆர்ச்சா மரக் கொப்பு கொண்டுவந்து, அதைக் கொளுத்தி, குடத்துக்குள் புகை பிடிப்பார்கள். மரம் புகையைக் குடித்துக்கொள்ளும். அதுவே அதற்குக் குளியல். இப்போது பிளாஸ்டிக் பீப்பாய். அதற்குள் புகை போட்டால் பீப்பாய்தான் உருகும். ஆக, புகை போடுவதை விட்டுவிட்டோம், கழுவாமல் இருப்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டோம். பழக்கத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் தொலைத்தவர்கள் நாங்கள்.

4. இதைச் சொல்ல ஆள் இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். வந்தார்கள். ஒரு கோடையில் தங்கள் அலுவலகத்திலிருந்து சோதிக்க வந்த ஒரு தம்பி வெயிலில் நடந்து வந்த களைப்பில் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். இன்னொரு கிண்ணமும் குடித்தார். "அக்கா, அருமை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் சோதனை. அந்தத் தம்பி நல்லபடியாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

5. போன வருடம் வசந்தத்தில் பள்ளி முற்றத்துக் கைப்பம்பு உடைந்தது. பள்ளி நிர்வாகம் நகராட்சியைக் கைகாட்டியது, நகராட்சி பள்ளியைக் கைகாட்டியது. இருவரும் கைகாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் குல்சாய்ரா வாளியை எடுத்துக்கொண்டு தெரு வாய்க்காலுக்குப் போனாள். மதியம் ஏறினால் கூழ் கெட்டியாகிவிடும். தண்ணீர் விட்டு நீர்க்க வைக்க வேண்டும். கிண்ணங்களையும் அதே தண்ணீரில்தான் முக்கி எடுத்தாள். வாய்க்கால் எந்தெந்த மாட்டுக் கொட்டகையைத் தொட்டுக்கொண்டு வருகிறது என்பது ஊருக்கே தெரியும்.

"என்னடி, மாட்டுக்கும் பங்கு வெச்சு விக்கிறியா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "கொதிச்சது, புளிச்சது. நாக்கே கூசுற புளிப்புல எந்தக் கிருமி அக்கா உசுரோட இருக்கும்?" என்றாள். பக்கத்தில் பிள்ளையைக் கூப்பிட வந்து நின்ற தாய்மாரும், ஒரு வாத்தியாரும் அதை ஆமோதித்தார்கள். புளிப்பு எல்லாவற்றையும் கொல்லும் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது.

6. மூன்றாம் வகுப்பு படித்த பெகாயிம் என்ற பெண் குழந்தையைப் பற்றித் தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். கோப்பில் இல்லாததைச் சொல்கிறேன். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து ஒன்று மட்டும் முளைத்திருந்தது. என் விதையை அந்த ஒற்றைப் பல்லால்தான் உடைப்பாள். "ஏய் முயலு, வாடகைக்குப் பல்லு வேணுமா?" என்று கேட்பேன். "அத்தை, உங்க தங்கப் பல்லக் கழட்டிக் குடுங்க, சாயந்தரம் திருப்பித் தர்றேன்" என்பாள். கூழை ஒரே மூச்சில் குடிப்பாள். குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தைக் காதில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "உள்ள யாரோ மூச்சு விடுறாங்க" என்பாள். எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தன. புளிக்கும் கூழ் நுரை விடும் ஓசைதான் அது. வேறொன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மே மாதம், ஆண்டு முடிவின் கடைசி மணி விழாவுக்காக வெயிலில் அணிவகுப்பு ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து குடித்தன. அந்த வகுப்பில் பல பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, பிறகு இரத்தம். மற்றவை தேறின. பெகாயிமுக்குச் சிறுநீர் நின்றுபோனது. தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்றார்கள். கடைசி மணி அடித்த அன்று அவள் சேர்ந்து நிற்க வேண்டிய வரிசையில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் விட்ட இடம் அது. அதற்கடுத்த வாரம் அவளை அடக்கம் செய்தோம்.

7. தங்கள் அலுவலகம் உடனே வந்தது, அதற்கு நன்றி. கூழிலும் கிண்ணம் முக்கி எடுத்த வாளியிலும் மலக்கிருமி இருப்பதாகவும், அது வாய்க்கால் தண்ணீரால் வந்ததாகவும் சொன்னார்கள். குல்சாய்ராவுக்கு அபராதம் போட்டார்கள். நீலப் பீப்பாயை லாரியில் ஏற்றி எடுத்துப்போய் அழித்தார்கள். குறை களையப்பட்டது என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

பீப்பாயைத் தேடிய அதிகாரிகள் உறை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் அல்ல, கேட்கத் தோன்றவில்லை என்றே நினைக்கிறேன். எங்களுக்கும் அன்று தோன்றவில்லை.

8. ஐயா, வசந்தம் பிறந்தால் கூழ் போடும் பெண்கள் எல்லோரும் குல்சாய்ராவிடம்தான் உறைக்கு வருவார்கள். அவள் உறை அவ்வளவு சுறுசுறுப்பு. உறை கேட்டு வந்தவளை வெறும் கையோடு அனுப்புவது எங்களிடம் இல்லை. அதற்கு விலையும் இல்லை. பம்பு உடைந்த பிறகும் வந்தார்கள், வாங்கினார்கள். பெகாயிம் கடைசியாகக் குடித்த அந்த ஒத்திகை நாளில், புதுக்குடியிருப்புப் பள்ளி வாசலில் வியாபாரம் தொடங்கவிருந்த மிர்குல் என்ற பெண் ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தாள். குல்சாய்ரா பீப்பாயின் குழாயைத் திறந்து ஜாடியை நிரப்பினாள். அதற்கு அடுத்த கிண்ணம் பெகாயிமுடையது. மிர்குல் ஜாடியைச் சால்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். "என்னடி, பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரி போற" என்று நான் கேலி செய்தது நினைவிருக்கிறது. பெகாயிமும் சிரித்தாள்.

9. இந்த ஏப்ரல் மாதம் என் தம்பி மகளைப் பார்க்கப் புதுக்குடியிருப்புப் பக்கம் போனேன். பள்ளி விடும் நேரம். வாசலில் வெள்ளைப் பீப்பாய், பின்னால் மிர்குல், முன்னால் பிள்ளைகள் கூட்டம். கிட்டே போனபோது பீப்பாயின் மூடி லேசாகத் தூக்கி இறங்கியது. உள்ளிருந்து ஒரு பெருமூச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியும். பல வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான்.

"யாரோட உறை மிர்குல்?" என்றேன்.

"வேற யாரோடது? குல்சாய்ரா அக்காவோடதுதான். குளிர்காலம் பூரா அடுப்படியில வெச்சுக் காப்பாத்தினேன். சாகவே இல்ல பாருங்க" என்று பெருமையாகச் சொன்னாள்.

எனக்கு எப்போதும் வாய் முந்தும். அன்று கை முந்தியது, மூடியை அழுத்திப் பிடித்தேன்.

அப்போது வரிசையிலிருந்து "அத்தை!" என்று ஒரு குரல். பெகாயிமின் தங்கை ஐஜார்கின். முதல் வகுப்பு. கையில் கிண்ணம். பழைய பள்ளி வாசலைத் தாண்டி நடக்க முடியவில்லை என்று அவள் அம்மா நசீபா அவளை இந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறாள். "கண்ணு, அதக் குடிக்காத" என்றேன். அந்தக் குழந்தை என்னை ஆறுதல் படுத்துவது போலச் சொன்னது: "பயப்படாதீங்க அத்தை. அது நீலப் பீப்பாய். இது வெள்ளை." சொல்லிவிட்டுக் குடித்தது. குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் காதில் கவிழ்த்து வைத்துக்கொண்டது. யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

10. அந்தக் குழந்தை நல்லபடியாக இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அந்த உறையில் இன்னும் அந்தக் கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா, எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில் செத்திருக்கலாம். மிர்குல் தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறாள் என்று பார்த்தேன். அதே வாய்க்காலின் கீழ்ப்பகுதி. கிண்ணம் முக்க ஒரே வாளி. ஆகவே பழைய கிருமி செத்திருந்தாலும் புதிது வர வழி திறந்தே இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறேன். தெரிந்துகொள்ளும் கண்ணாடியும் மருந்தும் தங்களிடம்தான் இருக்கின்றன.

11. மிர்குலிடம் பேசிப் பார்த்தேன். "கொட்டிட்டு, பீப்பாய வெந்நியில கழுவி, வேற ஊர்லருந்து உறை வாங்கு" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. "தானியத்தத் தரையில கொட்டச் சொல்றீங்களா அக்கா? அதுவும் அடுத்தவங்க குடுத்த உறைய? எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றாள். பிள்ளைகளுக்கு ஆகாது என்று நான் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவளும் சொல்கிறாள். உணவைக் கொட்டுவது எங்களிடம் எவ்வளவு பெரிய பாவம் என்று தங்களுக்குத் தெரியும். கடைத்தெருவில் இன்னும் சில பெண்களைக் கேட்டேன். எல்லோரிடமும் அதே உறை, எல்லோரிடமும் அதே பதில். ஒருத்தி மட்டும், "தண்ணிதான் கெட்டதுன்னு கவர்மெண்டே சொல்லிருச்சே, உறை என்ன பண்ணுச்சு?" என்று திருப்பிக் கேட்டாள். தங்கள் அறிக்கை அவளுக்கு நல்ல துணையாக இருக்கிறது.

12. குல்சாய்ராவைப் போய்ப் பார்த்தேன். வியாபாரத்தை விட்டு வீட்டோடு இருக்கிறாள். கிண்டல் செய்தாலும் சிரிப்பதில்லை. விஷயத்தைச் சொன்னதும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். யார் யாருக்குக் கொடுத்தேன் என்று. பாதியில் விரல்கள் நின்றன. "அக்கா, முகம் ஞாபகம் இருக்கு, பேரு ஞாபகம் இல்ல. ஜாடி ஞாபகம் இருக்கு, ஆளு ஞாபகம் இல்ல" என்றாள். பிறகு, "பீப்பாயத்தான் அக்கா தூக்கிட்டுப் போனாங்க. இன்னும் மூச்சுச் சத்தம் கேக்குது. எங்கேருந்துன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள்.

13. கடைசியாக நசீபாவிடம் போனேன். அவள் தையல் கூடத்தில் வேலை செய்கிறாள், வீட்டுக்காரர் ரஷ்யாவில். முதலில் டீ குடித்தோம். "புதுப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துனதுல ஒரு நிம்மதி அக்கா. அங்க கூழ் விக்கிறது வேற ஆளு" என்று அவளாகவே சொன்னாள். அதன் பிறகு மறைப்பது முறையல்ல என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இன்னும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துவேன்? எல்லா வாசல்லயும் அவளைக் கொன்னதுதானே உக்காந்திருக்கு?" என்று கேட்டாள்.

"வீட்லருந்தே தண்ணி குடுத்து அனுப்பு" என்றேன்.

"குடுத்துத்தான் அனுப்புறேன். வாசல்ல எல்லாரும் குடிக்கும்போது ஆறு வயசுப் புள்ள சும்மா நிக்குமா? நீ எழுது அக்கா. நான் எழுதுனா, புள்ள செத்த துக்கத்துல எழுதுறான்னு பழைய கோப்புலயே சொருகிடுவாங்க."

அதனால்தான் இம்மனுவை நான் எழுதுகிறேன். எனக்குத் துக்கம் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

14. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ) சாரி-கெச்சூவில் உள்ள எல்லாப் பள்ளி வாசல் பீப்பாய்களிலும், பெண்கள் வீட்டில் வைத்திருக்கும் உறை ஜாடிகளிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். வருகிறவர் வீட்டிலேயே தாகம் தீரக் குடித்துவிட்டு வந்தால் நல்லது.

ஆ) உறை கெட்டிருந்தால், கொட்டும்படி பெண்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். தலையாட்டுவார்கள், ஒரு கரண்டியாவது ஒளித்து வைப்பார்கள். நானாக இருந்தாலும் வைப்பேன். தங்கள் ஆட்களே கையால் எடுத்துப்போய்க் கொட்ட வேண்டும். அரசு உத்தரவு என்றால் பாவம் அரசைச் சேரும். அரசுக்கு இதுவரை எந்தப் பாவமும் ஒட்டியதாகத் தெரியவில்லை. பெண்கள் நிம்மதியாக அழுதுவிட்டு, வேறு ஊர் உறையில் மறுபடி தொடங்குவார்கள். அந்த நிம்மதியை அவர்களுக்குக் கொடுக்கத் தங்களால் மட்டுமே முடியும்.

இ) வாய்க்கால் தெருப் பள்ளியின் பம்பு இன்று வரை உடைந்தேதான் கிடக்கிறது. கோப்பில் சரிசெய்யப்பட்டதாக இருந்தால் கோப்பைத் திருத்தவும். கூழ் விற்கும் இடமெல்லாம் நல்ல தண்ணீர் வேண்டும். அது வரும் வரை வாசலில் நீர்க்க வைத்து விற்பதையும், ஒரே வாளியில் கிண்ணம் முக்குவதையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

விற்கவே கூடாது என்று தடை போடச் சொல்லவில்லை. மிர்குல் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். கூழ் எங்கள் கூழ்தான். அதைக் குடித்துத்தான் நாங்கள் எல்லோரும் இவ்வளவு பெரிதானோம்.

15. இத்துடன் ஒரு விளக்கமும் அளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். என் மேல் ஒரு புகார் தங்களுக்கு வந்திருக்கலாம், அல்லது வரும். நான் என் கூடையைப் புதுக்குடியிருப்பு வாசலுக்கு மாற்றிக்கொண்டு, மிர்குலின் பீப்பாய்க்குள் தவளை இருப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லி வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்பது புகார். அது உண்மை. தவளை இருப்பது மட்டும் பொய்.

உள்ளே என்ன இருக்கிறது என்று உள்ளபடி சொல்லிப் பார்த்தேன், ஐயா. ஒரு குழந்தை பயந்துபோய் அழுதது; அதன் அம்மா என்னைத் திட்டினாள். தவளை என்று சொன்னால் சிரித்துக்கொண்டே தள்ளிப் போகிறார்கள். கண் இப்படி இருக்கும், வயிறு இப்படி இருக்கும், கணக்கு வாத்தியார் மாதிரி கத்தும் என்று தினமும் புதிது புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. இப்போது தவளையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் கிண்ணம் வாங்குகிறார்கள். நேற்று அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றது ஐஜார்கின். கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். நாளைக்கும் இழுப்பேன். ஆனால் எனக்கு இருப்பது இரண்டு கை, வாசலில் இருப்பது ஒரு பள்ளிக்கூடம்.

என் பொய் இந்த வாரத்துக்கு மேல் தாங்காது. அதற்குள் தாங்கள் வந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சாரி-கெச்சூ, புதுக்குடியிருப்புப் பள்ளி வாசல்
நாள்: 24 ஏப்ரல் 2019

தங்கள் வரவை எதிர்நோக்கி வாசலில் இருக்கும்,
அனார்கான் தெமிர்பெகோவா
(கையொப்பம்)